வாடகை வீட்டில் ஒரு திருத்தூதர்

திருத்தூதர் பணிகள் நூலை இறுதிவரை வாசித்தவர்கள் ஒரு சிறு செய்தியைக் கவனித்திருக்கக் கூடும். கடலிலும் தரையிலும் அலைந்து, கப்பல் உடைந்து, கைதியாக உரோமை வந்து சேர்ந்த பவுல், அந்நகரில் இரண்டு ஆண்டுகள் குடிக்கூலி கொடுத்து ஒரு வீட்டில் தங்கியிருந்தார் என்றும், தம்மைக் காண வந்த அனைவரையும் அங்கே வரவேற்றார் என்றும் கூறி அந்நூல் நிறைவு பெறுகிறது. பல ஆண்டுகளாக இச்செய்தியை நாம் கருத்தின்றியே கடந்து சென்றோம். மறையுரைகளில் அவருடைய விலங்குகளைப் பற்றிப் பேசினோம். அவருடைய போதனையைப் பற்றிப் பேசினோம். அவர் யாரோ ஒருவருக்கு வாடகை செலுத்தி வந்தார் என்பதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அந்த ‘யாரோ ஒருவர்’ யார்? வேற்று நாட்டார், வேற்று நெறியினர், வழக்கு முடியாத கைதி, காவலுக்கு ஒரு படைவீரன் வேறு. இத்தகைய ஒருவருக்கு வீடு கொடுக்க உரோமை நகரில் ஒரு வீட்டுக்காரர் துணிந்திருக்கிறார். அவருடைய பெயர் எழுதப்படவில்லை. இன்று அப்படி ஒருவர் நம் தெருவுக்கு வந்து, ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை தொங்கும் கதவைத் தட்டினால், நம்மில் எத்தனை பேர் சாவியை எடுத்துக் கொடுப்போம்? இக்கேள்வியை எழுப்பும் தகுதி நமக்கே குறைவு என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய நகரப் பங்கு ஒன்றில், கோவிலுக்குப் பின்தெருவில் பயனின்றிக் கிடந்த பழைய கட்டடம் வீடற்றோர் காப்பகமாக மாறப் போகிறது என்ற செய்தி பரவியது. அடுத்த ஞாயிறன்றே பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் தெரு என்றார் ஒருவர். குடிகாரர்களும் திருடர்களும் வந்து சேர்வார்கள் என்றார் மற்றொருவர். மனையின் மதிப்பு விழுந்துவிடும் என்பதை எவரும் உரக்கச் சொல்லவில்லை. ஆயினும் அது எல்லார் மனத்திலும் இருந்தது. பேசியவர்கள் தீயவர்கள் அல்லர். நோயாளிகளைச் சந்திப்பவர்கள், தவக்காலத்தில் ஏழைகளுக்கு அரிசி சேர்ப்பவர்கள். மனு ஒன்று எழுதப்பட்டது. பங்குத்தந்தையும் கையொப்பமிட்டால் மனுவுக்கு வலுக் கூடும் என்றார்கள். பங்கின் சமாதானத்தைக் கருதி நாமும் கையொப்பமிட்டோம். காப்பகம் அவ்விடத்தில் வரவில்லை.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு, கோவில் முகப்பில் முதியவர் ஒருவர் சுருண்டு படுத்திருக்கக் கண்டோம். பழகிய முகம். மனுவில் கையொப்பமிட்டிருந்தோர் வீடுகளில் மூன்றில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கிப் பிழைக்கும் அம்மையார் அவர். குடியிருந்த அறையை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லிக் காலி செய்யும்படி கூறிவிட்டார்களாம். வேறு அறை தேடிய இடங்களில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டிருக்கிறார்கள். தனிக்கட்டையாய் இருக்கும் கிழவிக்கு நாளை ஏதேனும் நேர்ந்தால் யார் பார்ப்பது என்று தயங்கியவர்களும் உண்டு. நகரின் மறுகோடியில் உள்ள காப்பகத்தில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டோம். “அங்கே போனா வேலை போயிடும் சாமி. காலையிலே அஞ்சு மணிக்கு நான் போய்த்தான் அந்த வீட்டு வாசல் தெளிக்கணும்” என்றார். குடிகாரர், திருடர் என்று மனுவில் நாம் யாரை எழுதினோமோ, அவர்களுள் ஒருவர் நம் எதிரே நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றார்.

வீடற்றோர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் பெரும்பாலும் பிழையானது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28-ஆம் நாள் இரவில், நடைபாதைகளிலும் பாலங்களின் அடியிலும் இரயில் நிலையங்களிலும் படுத்திருந்தோரைத் தேடிச் சென்று எண்ணினார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நகரங்களில் இருந்தனர். மூட்டை சுமப்போர், வண்டி இழுப்போர், கட்டட வேலை செய்வோர், பூக்கட்டி விற்போர் எனப் பகலெல்லாம் நகரத்தைச் சுமந்து நிற்போர் இவர்களுள் எத்தனையோ பேர். அதே கணக்கெடுப்பு மற்றோர் எண்ணையும் தந்தது. நாட்டின் நகரங்களில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வீடின்மை என்பது செங்கல்லும் சிமெண்டும் போதாமையால் மட்டும் வந்த துன்பம் அன்று என்பது விளங்கும். பூட்டிய கதவுக்கும் படுக்க இடமில்லாத மனிதருக்கும் இடையே ஏதோ ஒன்று நிற்கிறது. அது என்ன என்பதே நம் சிந்தனைக்கு உரியது.

உள்ளாட்சிகளும் அரசுகளும் இதுவரை செய்துள்ளவற்றை நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, காப்பகம். 2009 டிசம்பர்க் குளிரில், தில்லியின் பூசா சாலையருகே இருந்த தற்காலிக இரவுக் காப்பகம் ஒன்றை அந்நகரின் மாநகராட்சியே இடித்து அகற்றியது. 2001 முதல் நடந்து வந்த உணவு உரிமை வழக்கில் இச்செய்தி உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குச் சென்றது. அதன் பயனாக 2010-இல், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்ற நெறி பிறந்தது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் காப்பகங்களுக்கு நிதி ஒதுக்கியது; ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று அளவும் வகுத்தது. சென்னை மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களின் துணையோடு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் சிறாருக்கும், அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளோடு துணைக்கு வந்து தங்குவோருக்கும் காப்பகங்களைத் திறந்தது. இவை நற்செயல்கள், இவற்றைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் ஐம்பது சதுர அடி என்பது ஒரு பாயும் ஒரு பெட்டியும் வைக்கும் இடம். அங்கே இளைப்பாறலாம், குடித்தனம் நடத்த இயலாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லியது வெறும் பிடிவாதத்தால் அன்று.

இரண்டாவது, மறுகுடியேற்றம். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. 2021-இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. தொடக்கக் காலத்தில் குடிசைகள் இருந்த இடங்களிலேயே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பின்னர் நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளின் வீடுகள் நகரின் விளிம்பை நோக்கி நகர்ந்தன. ஓலைக்கும் தகரத்துக்கும் மாறாக உறுதியான கூரை கிடைத்தது உண்மை. ஆனால் வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் சென்ற பெண்களுக்கு வேலை பழைய இடத்திலும் வீடு புதிய இடத்திலும் என ஆயிற்று. பேருந்துக் கட்டணம் கூலியைத் தின்றது. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. நடைபாதைவாசிகள் தொடுத்த பம்பாய் வழக்கில் 1985-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டு சொல்லியது. மனிதர் நடைபாதையில் வாழ்வது பிழைப்பு அருகில் இருப்பதால்; பிழைப்பைப் பறிப்பது வாழ்வுரிமையைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. ஆயினும் முறையாக அறிவிப்புக் கொடுத்து அவர்களை அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு இசைந்தது. உரிமையை ஏற்றுக்கொண்டு, அதற்குரிய இடத்தை மட்டும் சொல்லாமல் விட்ட நிலை இன்றும் மாறவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், ஏழைகளை இடம் மாற்ற நேர்ந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், தெரிந்தெடுக்கத் தகுந்த வீடுகளைக் காட்ட வேண்டும், முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். சொல்லப்போனால், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாம் கடைப்பிடிக்கும் குறைந்தபட்ச நாகரிகமே இது. ஏழைகளுக்கு வீடு பார்க்கும்போது ஏனோ அது மறந்து போகிறது.

மூன்றாவது வழி, ஏழைகள் தாங்கக் கூடிய வாடகை வீடு. பேசப்படுவதும் செய்யப்படுவதும் இதுவே மிகக் குறைவு. 2020-இல் ஊரடங்கின்போது, புலம்பெயர்ந்த தொழிலாளர் சாலை சாலையாக நடந்ததை நாடு கண்டது. வேலை நின்ற மறுநாளே தங்குமிடமும் அற்றுப் போனதால் நடந்தவர்கள் அவர்கள். அவ்வாண்டு ஜூலையில் மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அரசுப் பணத்தில் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த வீடுகளை வாடகைக்கு விடுவது அதன் ஒரு பகுதி. சண்டிகர், சூரத் போன்ற நகரங்களில் அது செயல் வடிவம் பெற்றது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் பெருங்குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் அது தனியாக வந்து தங்கும் தொழிலாளர்க்கு உரியது. கணவன், மனைவி, இரு பிள்ளைகள், ஒரு முதிய தாய் என்று வரும் குடும்பத்துக்கு நகருக்குள் வழி காட்டுவது யார்? 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், குடிசைப் பகுதிகளின் மேம்பாட்டையும் நகர்ப்புற வறுமை ஒழிப்பையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தகுந்த பணிகளுள் சேர்த்தது. ஆயினும் நம் மாநிலத்தில் காப்பகம் ஒருவர் பொறுப்பு, வீடு கட்டுவது வேறொருவர் பொறுப்பு. வாடகை வீடு தேடி அலைபவருக்குப் பொறுப்பேற்கும் அலுவலகக் கதவு எதுவென்று நாமும் தேடிப் பார்த்து ஓய்ந்தோம்.

உள்ளாட்சி ஒன்று மனம் வைத்தால் என்ன இயலும் என்பதற்கு வியன்னா நகரம் சான்று. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே இருட்டறைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன, காசநோய் மலிந்திருந்தது. அந்நகரம் 1922-இல் தனி மாநிலத் தகுதி பெற்று வரி விதிக்கும் ஆற்றலைக் கைக்கொண்டது. 1923-இல் வீட்டு வரி ஒன்றை விதித்தது. மாளிகைக்கு மிகப் பெரிய வரி, சிறு வீட்டுக்கு மிகச் சிறிய வரி. அப்பணத்தைக் கொண்டு 1934-க்குள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வாடகை வீடுகளைக் கட்டியது. துணி வெளுக்கும் கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம் ஆகியவற்றோடு கூடிய ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளின் தொகுதி ஒன்று 1930-இல் திறக்கப்பட்டது. இன்றும் அந்நகர மக்களுள் ஏறத்தாழ பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு உதவி பெற்ற வீடுகளிலோ வாடகைக்கு வாழ்கின்றனர். இவ்வரலாற்றில் நம்மைத் தலைகுனியச் செய்யும் பக்கமும் உண்டு. 1934 பிப்ரவரி உள்நாட்டுச் சண்டையில், கிளர்ச்சியாளர் உள்ளே இருந்த அத்தொகுதியின்மீது அரசுப் படை பீரங்கியால் சுட்டது. அவ்வரசை நடத்தியவர்கள் தங்கள் கட்சியின் பெயரிலேயே கிறிஸ்தவம் என்ற சொல்லை வைத்திருந்த கத்தோலிக்கர். வீடு கட்டியவர்களோ கோவிலுக்கு வெளியே நின்றவர்கள். ஏழையின் கூரைக்காக உழைப்பவர் யாராயினும், அவர் நம்மவர் அல்லர் என்பதற்காக அவ்வேலையைப் பகைக்கும் பாவம் நமக்குப் புதிதன்று. நம் மனுவை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

இவ்விடத்தில் வீட்டுக்காரர் தரப்பையும் கேட்பதே நீதி. நம் பங்குகளில் வாடகைக்கு வீடு விடுவோர் பலர் செல்வந்தர் அல்லர். ஓய்வூதியம் இல்லாத கைம்பெண்ணுக்கு மாடி வாடகையே மாதச் சோறு. குடிவந்தவர் வாடகை தராமல், காலியும் செய்யாமல் வழக்காடினால் அவர் என்ன செய்வார்? முன்பணம் கேட்பது பேராசையால் மட்டுமன்று; அச்சத்தாலும்தான். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தையும் பதிவையும் வற்புறுத்துகிறது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று அளவு சொல்கிறது. இச்சட்டம் இருசாராரின் அச்சத்தையும் குறைக்கவே வந்தது. ஆயினும் பத்து மாத வழக்கம் பல தெருக்களில் சட்டத்தைவிட வலிமையோடு நிற்கிறது. மேலும், முன்பணம் உள்ளவருக்கும் கதவு திறப்பதில்லை. சாதி கேட்கிறோம், சமயம் கேட்கிறோம், தனித்து வாழும் பெண்ணைச் சந்தேகிக்கிறோம், பிள்ளைகள் மிகுதி என்கிறோம், என்ன சமைப்பீர்கள் என்கிறோம். இவற்றுள் எதையும் அச்சம் என்று சொல்லித் தப்பிக்க இயலாது. பூட்டிய கதவுக்கும் நடைபாதைக்கும் இடையே நிற்பது எது என்று முன்னர்க் கேட்டோம். விடையின் ஒரு பகுதி அரசிடம் உள்ளது. மறுபகுதி நம் கைச் சாவிக்கொத்தில் உள்ளது.

புனித தோமா அக்குவினார் உடைமையைப் பற்றி ஆராய்கையில் இரண்டைப் பிரித்துக் காட்டினார். பொருளை ஈட்டிப் பேணும் உரிமை தனி மனிதருக்கு இருப்பது தகும். ஆனால் அதைப் பயன்படுத்தும்போது பொதுவானதாகக் கருதி, தேவையுற்றோரோடு பகிர ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. இதற்கும் முற்பட்டது லேவியர் நூலின் நிலச் சட்டம். நிலம் ஆண்டவருடையது; இஸ்ரயேலர் அதில் அந்நியராகவும் குடிகளாகவும் தங்கியிருப்போர் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. பட்டா யார் பெயரில் இருந்தாலும் இறைவன்முன் நாம் அனைவரும் வாடகைக் குடியினரே. நம்மிடம் அவர் பத்து மாத முன்பணம் கேட்கவில்லை. சாதிச் சான்றிதழும் கேட்கவில்லை.

ஐக்கிய நாடுகள் அவை வீடற்றோர்க்கென ஒதுக்கிய 1987-ஆம் ஆண்டின் இறுதியில், நீதி அமைதிக்கான திருப்பீட ஆணைக்குழு ஓர் ஏட்டை வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய் என்ற கேள்வியே அதன் தலைப்பு. காயீனிடம் இறைவன் கேட்ட கேள்வியின் சாயல் அதில் உண்டு. அதற்கு நாம் வழக்கமாகத் தரும் விடை, ‘சோறு போட்டோம், போர்வை கொடுத்தோம்’ என்பது. சோறும் போர்வையும் தேவையே. ஆனால் அவற்றைப் பெற்றுக்கொண்டவர் மறுநாளும் அதே நடைபாதையில்தான் கண்விழிக்கிறார். இரக்கத்தின் பெயரால் தருவதை நாம் விரும்பியபோது நிறுத்திக்கொள்ளலாம்; நீதியின்படி செலுத்த வேண்டியதை அப்படி நிறுத்த இயலாது. உழைக்கும் ஒருவர், தம் கூலியில் தாங்கக் கூடிய வாடகைக்கு, தம் உழைப்பின் அருகிலேயே ஒரு கதவைப் பெறுவது நீதியைச் சேர்ந்தது என்றே நம் மனச்சான்று சொல்கிறது.

ஆகவே நாம் செய்யக் கூடியவை சில. மாநகராட்சி காப்பகம் அமைக்க வரும்போது எதிர்மனு எழுதாதிருப்பது முதற்படி. நம் மாமன்ற உறுப்பினரிடம் சாலையும் விளக்கும் கேட்பது போலவே, ஏழைகளுக்கான வாடகைக் குடியிருப்பையும் கேட்பது அடுத்த படி. பங்குகளும் துறவற இல்லங்களும் தத்தம் வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் அறைகளை எண்ணிப் பார்ப்பது கடினமான படி; அதை நம்மிலிருந்தே தொடங்குவது முறை. வீடு உள்ள ஒவ்வொருவரும், மூன்று மாத முன்பணத்தில், சாதி கேளாமல் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது எல்லாவற்றிலும் எளிய படி. அதுவே பலருக்கு ஏற முடியாத படியாகவும் இருக்கிறது.

அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். மனுவில் முதற்கையொப்பமிட்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், செய்தியறிந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், தம் வீட்டு மாடிப்படியை ஒட்டிய சிறு அறையைக் கழுவி வெள்ளையடிக்கச் சொன்னார். ஒரு மாத வாடகையை மட்டும் முன்பணமாகப் பெற்றுக்கொண்டார். இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்று நாம் கேட்டபோது, “வேண்டாம் ஃபாதர். சும்மா கொடுத்தால் அவர் என் தயவில் இருப்பார். வாடகை கொடுத்தால் தம் வீட்டில் இருப்பார்” என்றார். மாதம் பிறந்து ஐந்தாம் நாளுக்குள் அம்மையார் பணத்தை எண்ணி வைப்பார். ஆசிரியர் ரசீது எழுதிக் கொடுப்பார். அந்த ரசீதுகளையெல்லாம் மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் அவர் பத்திரப்படுத்தியிருந்தார். ஒருமுறை நம்மிடம் திறந்து காட்டினார்.

நாம் கையொப்பமிட்ட மனுவை இனித் திரும்பப் பெற இயலாது. அது ஏதோ ஒரு கோப்பில் நம் பெயரோடு கிடக்கும். உரோமை நகரில் பவுலுக்கு வீடு கொடுத்தவரின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. இரண்டையும் எண்ணிப் பார்க்கையில், பெயர் தெரியாத அந்த வீட்டுக்காரரிடமே நாம் இன்னும் மறைக்கல்வி கற்க வேண்டியிருக்கிறது என்று தோன்றுகிறது.